மந்திரமும் பகிடியும்: வன்னிக் கோயில் வீதிகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார்ப் பக்கங்களில் கோயில் வீதியிலும் ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்பிலும் சமஸ்கிருதத்தைப் பற்றி ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சிலர் பயந்து கேட்கிறார்கள், சிலர் சிரித்துக்கொண்டு கேட்கிறார்கள். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம்.

சமஸ்கிருதம் கடவுளின்ர பாசை எண்டுறாங்கள். அப்ப அதை வைச்சுப் பகிடி விடுறது பாவம்தானே?

‘தேவபாஷை’ என்பது மரியாதைக்கு வந்த பெயர். சைவத்தில் இறைவன் ஒரு மொழிக்கு மட்டும் உரியவன் அல்லன். ‘ஆரியமும் தமிழும் உடனே சொல்லி’ என்பது திருமூலர் வாக்கு. ‘ஆரியன் கண்டாய் தமிழன் கண்டாய்’ என்பது அப்பர் வாக்கு. பாணினி ஏறத்தாழ 4000 சூத்திரங்களில் இலக்கணம் வகுத்ததும் மனிதர் வாயில் வழங்கிய மொழிக்குத்தான்.

சிரிப்பும் அந்த மொழிக்குப் புதிதல்ல. நாட்டிய சாத்திரம் சொல்லும் எட்டுச் சுவைகளில் ஹாஸ்யம் ஒன்று. புன்முறுவலில் தொடங்கி வெடிச்சிரிப்பு வரை சிரிப்பை ஆறு வகையாகவும் அது பிரிக்கிறது. விளங்காத சொல்லுக்கு விளங்கியதுபோல் தலையாட்டுவதைப் பார்த்துச் சிரிக்கலாம். இன்னொருவர் கண்மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிற்கும்போது பக்கத்தில் நின்று சிரிப்பது வேறு. அது எந்த மொழியிலும் பிழை.

அருச்சனைக்கு முதல் ஐயர் கடகடவெண்டு சொல்லுறது என்ன? எங்கட பேர் மட்டும்தான் விளங்குது.

அது சங்கற்பம். யார், எப்போது, எதற்காக இந்தப் பூசையைச் செய்விக்கிறார் என்று சொல்லும் அறிவிப்பு. ‘மம உபாத்த ஸமஸ்த துரித க்ஷயத்வாரா’ என்றால் ‘நான் சேர்த்துக்கொண்ட தீவினைகள் எல்லாம் தேய்வதன் வழியாக’. ‘பரமேஶ்வர ப்ரீத்யர்த்தம்’ என்றால் ‘இறைவன் மகிழ்வதற்காக’. அதன்பின் அறுபது ஆண்டுச் சுற்றில் அந்த வருடத்தின் பெயர், அயனம், பருவம், மாதம், வளர்பிறையா தேய்பிறையா, திதி, கிழமை, நட்சத்திரம் என்று வரிசையாக வரும். கடைசியில் உங்கள் கோத்திரம், நட்சத்திரம், இராசி, பெயர். ஆயுள், உடல்நலம், செல்வம் வளரவேண்டும் என்ற வேண்டுதலோடு முடியும்.

பெரிய இரகசியம்போல் காதில் விழுவதில் பாதி நாட்காட்டிதான். ‘ப்ருகு வாஸரம்’ என்றால் வெள்ளிக்கிழமை. பானு ஞாயிறு, இந்து திங்கள், பௌம செவ்வாய், ஸௌம்ய புதன், குரு வியாழன், ஸ்திர சனி. இந்த ஏழையும் பாடமாக்கிக்கொண்டால் அடுத்த அருச்சனையில் உங்கள் பெயருக்கு முன்னரே ஓரிடத்தில் காது நிமிரும்.

எங்களுக்குக் கோத்திரம் தெரியாது. ஐயர் கேட்டா வெக்கமாக் கிடக்கு.

வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரியாதவர்களுக்குச் ‘சிவ கோத்திரம்’ என்று சொல்வது வழக்கம். ஐயர் கேட்டால் அதையே சொல்லுங்கள்.

தாலி கட்டேக்க ஐயர் ‘தந்தனானே’ எண்டு பாடுறார் எண்டு பெடியள் சிரிக்கிறாங்கள். உண்மையில் என்ன சொல்லுறார்?

‘மாங்கல்ய தந்துனானேன’ என்கிறார். பிரித்தால் தந்துனா + அனேன, ‘இந்த நூலால்’. காதுக்கு நாட்டுப்பாடலின் தந்தனானே போலக் கேட்பதும், பெடியளுக்குச் சிரிப்பு வருவதும் இயல்புதான். முழுவதையும் சொன்னால் சிரிப்பு அடங்கி வேறு உணர்வு வரும்: ‘என் வாழ்வுக்குக் காரணமான இந்த மங்கல நூலை உன் கழுத்தில் கட்டுகிறேன். நற்பேறு உடையவளே, நீ நூறு சரத்காலம், அதாவது நூறு ஆண்டு, வாழ்வாயாக.’

இதில் ‘நான்’ என்பது மாப்பிள்ளை. அவர் பெண்ணைப் பார்த்துச் சொல்லவேண்டியதை ஐயர் எடுத்துக் கொடுக்கிறார். மாப்பிள்ளைக்குப் பொருள் தெரியாமல் போவதுதான் இந்த இடத்தில் பெரிய இழப்பு. முதல்நாள் இரவே அவருக்கு இந்த இரண்டு வரியையும் சொல்லிக் கொடுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

‘சுக்லாம்பரதரம்’ கழுதையைப் பற்றின பாட்டு எண்டு ஒருத்தர் சொன்னார். பிள்ளையாரைப் பழிக்கிறதா?

இல்லை. பழைய, நல்ல பகிடி அது. சுலோகத்தில் பிள்ளையாரின் பெயர் எங்கும் இல்லை, அடைமொழிகள் மட்டுமே உண்டு. ஶுக்ல அம்பர தரம்: வெள்ளை ஆடை தரித்தவர். விஷ்ணும்: எங்கும் நிறைந்தவர். ஶஶிவர்ணம்: நிலவு நிறத்தவர். சதுர்புஜம்: நான்கு கையர். ப்ரஸன்னவதனம்: தெளிந்த முகத்தவர். இவற்றையே சலவைத் தொழிலாளியின் கழுதைக்குப் பொருத்துவார்கள். வெள்ளைத் துணி சுமக்கிறது, எங்கும் திரிகிறது, சாம்பல் நிறம், நாலு கால், எப்போதும் ஒரே அமைதியான முகம். மன்னார் நகரத்துத் தெருக்களில் நிற்கும் கழுதைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த முகம் உடனே தெரியும்.

இந்தப் பகிடியைப் புரிந்துகொண்ட பிள்ளை ஐந்து சொல்லின் பொருளையும் மறக்காது. ஆனால் சொல்லும் ஒழுங்கு முக்கியம். முதலில் சரியான பொருள், பிறகு கழுதை. மாற்றிச் சொன்னால் பிள்ளை மனத்தில் கழுதை மட்டும்தான் நிற்கும்.

தமிழ் எழுத்தில இருக்கிற சுலோகப் புத்தகத்தை வாசிச்சால் சரியா வருமோ?

அரைவாசி வரும். தமிழில் ஒரு ‘க’; சமஸ்கிருதத்தில் நான்கு. அதனால்தான் நல்ல பதிப்புகளில் எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று எண் போடுகிறார்கள். எண்ணை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ‘கதா’ ஒன்றே போதும். கதா³ என்றால் ‘எப்போது’. கதா² என்றால் கதை. க³தா³ என்றால் வீமன் கையில் இருக்கும் கதாயுதம். க³தா என்றால் ‘போய்விட்டாள்’. எண் இல்லாத புத்தகத்தில் நான்கும் ஒன்றுதான். பாவமும் அப்படியே: பா⁴வம் என்றால் உள்ளத்து உணர்வு, பாபம் என்றால் தீவினை. தமிழில் இரண்டையும் ‘பாவம்’ என்றே எழுதிவிடுகிறோம்.

ஸ, ஶ வேறுபாட்டுக்கு ஒரு பழைய சுலோகம் இருக்கிறது. தகப்பன் மகனுக்குச் சொல்கிறார்: ‘நிறையப் படிக்காவிட்டாலும் இலக்கணமாவது படி மகனே, ஸ்வஜனம் ஶ்வஜனம் ஆகிவிடக் கூடாது, ஸகலம் ஶகலம் ஆகிவிடக் கூடாது, ஸக்ருத் ஶக்ருத் ஆகிவிடக் கூடாது.’ ஸ்வஜனம் சொந்தச் சனம், ஶ்வஜனம் நாய்க்கூட்டம். ஸகலம் முழுவது, ஶகலம் துண்டு. ஸக்ருத் ஒருதரம், ஶக்ருத் சாணம். ஸ சொல்லும்போது நாக்கு நுனி பல்லுக்குப் பின்னால் நிற்கும். ஶ சொல்லும்போது நாக்கின் நடுப்பகுதி அண்ணத்தை நெருங்கும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துக் காற்று படும் இடத்தைப் பார்த்தே பழக்கலாம். தமிழில் நாம் ‘சகலமும்’ என்று சொல்வது பிழையல்ல. அது தமிழாகிவிட்ட சொல்.

ஒரு எழுத்துப் பிழைச்சால் குடும்பத்துக்கே கூடாது எண்டினம். பயத்தில ஒண்டும் சொல்லாம விட்டுட்டன்.

இந்தப் பயத்துக்கு வேர் ஒரு வேதக் கதை. துவஷ்டா என்பவர் இந்திரனைக் கொல்ல ஒரு மகன் வேண்டும் என்று வேள்வி செய்தார். ‘இந்த்ரஶத்ரு வளர்க’ என்று சொன்னார். அந்தச் சொல்லில் குரல் கடைசி அசையில் உயர்ந்தால் ‘இந்திரனைக் கொல்பவன்’. முதல் அசையில் உயர்ந்தால் ‘இந்திரனால் கொல்லப்படுபவன்’. துவஷ்டா முதல் அசையில் உயர்த்திவிட்டார். பிறந்த விருத்திரன் இந்திரன் கையாலேயே மாண்டான். இலக்கணம் ஏன் படிக்கவேண்டும் என்பதற்குப் பதஞ்சலியின் மகாபாஷ்யம் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறது. இந்திராசனம் கேட்கப்போய் நித்திராசனம் கேட்டுவிட்ட கும்பகர்ணன் கதை இதே பாடத்தின் நாட்டுவடிவம்.

ஆனால் கவனியுங்கள். அந்தக் குரல் ஏற்ற இறக்கம் வேத மந்திரங்களுக்கு மட்டுமே உரியது. ஸ்ரீருத்ரம், சமகம் போன்றவற்றை ஆசிரியரிடம் நேரே கேட்டுத்தான் பழகவேண்டும். நீங்கள் வீட்டில் சொல்லும் சுலோகத்துக்கும் போற்றிக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

சமஸ்கிருத மரபே மறுபக்கத்தையும் சொல்லி வைத்திருக்கிறது. ராம என்பது ‘ராமாய’ ஆவதால் விஷ்ணுவும் ‘விஷ்ணாய’ ஆகும் என்று படியாதவன் சொல்கிறான். படித்தவன் ‘விஷ்ணவே’ என்று சரியாகச் சொல்கிறான். இருவருக்கும் புண்ணியம் ஒன்றே, ஏனென்றால் ஜனார்த்தனன் (விஷ்ணு) ‘பாவக்ராஹீ’ என்று முடிகிறது அந்தச் சுலோகம். இங்கே பாவம் என்பது மேலே சொன்ன பா⁴வம், உள்ளத்து உணர்வு. பாவக்ராஹீ என்றால் உள்ளத்தை எடுத்துக்கொள்பவன். தமிழ் எழுத்தில் வாசித்துவிட்டு ‘பாவத்தை வாங்குகிறவனோ’ என்று கேட்டவர்கள் உண்டு. விட்ட இடத்திலிருந்து மறுபடி சொல்லத் தொடங்குங்கள்.

மோதகத்தால அடிவாங்கின ராசாத்தி கதை எண்டு ஒண்டு இருக்காமே?

அடி விழவில்லை, மானம்தான் போனது, அதுவும் அரசனுக்கு. 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் வருகிறது. சாதவாகன அரசன் மனைவியரோடு நீராடும்போது தண்ணீரை வாரி அடிக்கிறான். ஒருத்தி ‘மோதகைர் தேவ’ என்கிறாள். அரசன் உடனே ஆளனுப்பித் தட்டுத் தட்டாக மோதகம் கொண்டுவரச் சொல்கிறான். அவள் சிரித்துவிட்டாள். அவள் சொன்னது மா + உதகைஃ, ‘தண்ணீரால் வேண்டாம்’. அரசன் கேட்டது ‘மோதகங்களால்’.

மா என்பதும் உதகம் என்பதும் சேரும்போது ஆவும் உவும் கலந்து ஓ ஆகிவிடும். தமிழில் ‘மா’வும் ‘உதகம்’ என்பதும் சேர்ந்தால் நடுவில் வகரம் வந்து ‘மாவுதகம்’ என்றே நிற்கும், குழப்பம் வராது. வெட்கப்பட்ட அரசன் இலக்கணம் படிக்க உட்கார்ந்தான். ஆறு வருடம் வேண்டும் என்றார் அரசவை அறிஞர் குணாட்டியர். ஆறே மாதத்தில் முடிக்கிறேன் என்றார் இன்னோர் அறிஞரான சர்வவர்மன், முடித்தும் காட்டினார். காதந்திர இலக்கணம் அப்படிப் பிறந்தது என்பது மரபு.

‘காசைச் சுவாகா பண்ணிப்போட்டான்’, ‘வீட்டில நல்ல அருச்சனை’ எண்டு கதைக்கிறது பிழையோ?

இல்லை. தீயில் இட்டது திரும்பி வராது என்பதால் சுவாகா அப்படி ஆனது. பெயர்களை அடுக்கிக்கொண்டே போவதால் திட்டு அருச்சனை ஆனது. சடங்கை உற்றுப் பார்த்த சனத்தின் பேச்சு அது.

வெளிநாட்டால வந்த யோகாக்காரர் நாய், கொக்கு எல்லாத்துக்கும் சமஸ்கிருதப் பேர் சொல்லிக் கும்பிடுகினம். அதில அப்படி என்ன இருக்கு?

பெயரில் இருப்பது நீங்கள் சொன்னதேதான். அதோமுக ஶ்வானாசனம் என்றால் முகம் கீழ்நோக்கிய நாய். ஶ்வஜனத்தில் பார்த்த அதே நாய். பகாசனம் கொக்கு, குக்குடாசனம் சேவல், புஜங்காசனம் பாம்பு, சலபாசனம் வெட்டுக்கிளி. ஒரு குளக்கட்டில் விடியற்காலை நின்றால் எல்லாவற்றையும் பார்க்கலாம். அந்த மொழியைப் பேசியவர்கள் தங்கள் கண்முன் திரிந்த உயிர்களைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். அதுவே அழகு. வந்தவர்களுக்குப் பொருளைச் சொல்லுங்கள், மகிழ்ந்துபோவார்கள்.

‘நமஸ்தே’யில் ‘தே’ என்றால் ‘உனக்கு’, ஒருமை. பெரியவர்களுக்கு அப்படிச் சொல்லலாமா என்றும் கேட்கிறார்கள். ஸ்ரீருத்ரமே ‘நமஸ்தே ருத்ர’ என்றுதான் தொடங்குகிறது. தேவாரத்திலும் இறைவனை ‘நீ’ என்கிறோம். வெளிநாட்டவர் சொல்வதில் மரியாதைக் குறைவு இல்லை. நீங்கள் ‘வணக்கம்’ என்று பதில் சொன்னால் போதும்.

கொம்பியூட்டருக்குச் சமஸ்கிருதம்தான் சிறந்தது எண்டு நாசா சொன்னதாம். பிள்ளைக்கு அதைச் சொல்லிப் படிப்பிக்கலாமோ?

நாசா அப்படி அறிவிக்கவில்லை. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தோடு இணைந்த நிறுவனமொன்றில் இருந்த ரிக் பிரிக்ஸ் என்ற ஆய்வாளர் 1985இல் எழுதிய ஒரு கட்டுரைதான் இந்தக் கதையின் மூலம். ‘மைத்திரன் நட்பினால் தேவதத்தனுக்காகப் பானையில் தீயின்மேல் சோறு சமைக்கிறான்’ என்ற வாக்கியத்தை இந்திய இலக்கணிகள் எப்படிப் பிரித்தார்கள் என்று அவர் காட்டினார். செய்பவன் யார், பொருள் எது, எதில், யாருக்காக, என்ன காரணத்தால் என்று ஒவ்வொன்றையும் வினைச்சொல்லோடு கட்டிக்காட்டும் முறை அது. செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் வரையும் பொருள்வலையை அது ஒத்திருக்கிறது என்பதே அவர் வாதம். சமஸ்கிருதத்தில் நிரல் எழுதச் சொல்லவில்லை.

பிள்ளைக்கு உண்மையையே சொல்லுங்கள். அதே வாக்கியத்தைத் தமிழ் வேற்றுமை உருபுகளால் பிரிக்கச் சொல்லுங்கள்: ஆல், கு, இல், ஐ. நாசா பெயர் இல்லாமலே பிள்ளைக்கு ஆர்வம் வரும்.

சமஸ்கிருதம் தெரியாட்டி முத்தி இல்லையோ? வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில பொங்கலுக்கு அது பெரிசாத் தேவைப்படுறதில்லையே.

சங்கரர் பெயரில் வழங்கும் பஜகோவிந்தம், முதுமையில் ‘டுக்ருஞ் கரணே’ என்று இலக்கண வாய்பாடு உருப்போடும் ஒருவரைப் பார்த்து, சாவு வரும்போது அது காப்பாற்றாது, கோவிந்தனை நினை என்கிறது. டுக்ருஞ் கரணே என்பது ‘செய்’ என்னும் வேர்ச்சொல்லுக்கான இலக்கணக் குறிப்பு. சமஸ்கிருதத்திலேயே பாடிச் சமஸ்கிருத மயக்கத்தைக் கடிந்த வரி அது.

வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்கு முன் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் வைத்து உப்புநீரில் விளக்கெரிப்பார்கள். அந்த விளக்கின் முன் நிற்கும் சனம் ‘அம்மாளாச்சி’ என்று கூப்பிடும் குரலில் எந்தக் குறையும் இல்லை. மன்னாரில் திருக்கேதீச்சரத்தில் ஆகம வழிப் பூசையும் நடக்கும், சம்பந்தரும் சுந்தரரும் அந்தத் தலத்தின்மேல் பாடிய பதிகங்களும் ஒலிக்கும். ‘அர்ச்சனை பாட்டே ஆகும்’ என்று இறைவனே சுந்தரருக்குச் சொன்னதாகச் சேக்கிழார் பாடுகிறார். ஒன்றை உயர்த்த மற்றதைத் தாழ்த்தவேண்டிய தேவை எங்களுக்கு இருந்ததில்லை.

வேதம் ஓதுற பிள்ளையளை ‘மாரித் தவளை’ எண்டு கேலி செய்யுறாங்கள். என்ன சொல்லலாம்?

அந்த ஒப்புமையை முதலில் சொன்னது வேதமே என்று சொல்லுங்கள். ரிக்வேதத்தின் ஏழாம் மண்டலத்தில் 103ஆம் பாடல் தவளைகளைப் பற்றியது. ஒரு வருடம் நோன்பிருந்த அந்தணரைப்போல அவை பேசாமல் கிடக்கின்றன. மழை விழுந்ததும் குரல் எழுப்புகின்றன. ஆசான் சொன்னதை மாணவன் திருப்பிச் சொல்வதுபோல ஒன்றின் குரலை மற்றது திருப்பிச் சொல்கிறது. சோம வேள்வியில் நிறைகுடத்தைச் சுற்றியிருந்து ஓதும் அந்தணரைப்போல நிரம்பிய குளத்தைச் சுற்றி இருக்கின்றன. இது கேலியா, மழை வேண்டும் பாட்டா என்று அறிஞர் இரு பக்கமும் வாதிட்டிருக்கிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் முதல் மாரிக்கு வயற்காரர் தவளைச் சத்தம் கேட்டு மனம் குளிர்வதைக் கண்ட எங்களுக்கு இது வாழ்த்தாகத்தான் படுகிறது.

கலைவிழாவுக்கு இதில ஒண்டை நாடகமாப் போடலாமோ? ஐயர்மார் கோவிப்பினமோ?

தாராளமாகப் போடலாம். 7ஆம் நூற்றாண்டில் காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் சமஸ்கிருதத்தில் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்ற நகைச்சுவை நாடகத்தில், குடிவெறியில் இருக்கும் கபாலிகச் சைவன் ஒருவன் தன் மண்டையோட்டுப் பாத்திரத்தைத் தொலைத்துவிட்டுப் புத்த பிக்கு ஒருவரைப் பிடித்துச் சண்டையிடுகிறான். கடைசியில் பார்த்தால் தூக்கிப்போனது நாய். பகவதஜ்ஜுகம் என்ற இன்னொரு சமஸ்கிருத நகைச்சுவை நாடகத்தில் யோகி ஒருவர் தன் சீடனுக்கு வித்தை காட்ட இறந்துகிடக்கும் கணிகையின் உடலில் புகுகிறார். யமதூதன் கணிகையின் உயிரை யோகியின் உடலில் போட்டுவிடுகிறான். பிறகு பெண் வேதாந்தம் பேச, சாமியார் நாணிக் கோணுகிறார். ஆனால் இரண்டும் வளர்ந்தவர்களுக்கு உரியவை. பிள்ளைகளுக்கு மோதகக் கதையே பொருத்தம்.

நாலு பிள்ளை, ஏழு எட்டு நிமிடம், ஒரு குடம், ஒரு தட்டு மோதகம் போதும். இந்த நாடகம் விழுவது எப்போதும் ஒரே இடத்தில்தான்: சபைக்கு ‘உதகம்’ தெரியாது, அதனால் சிரிப்பு வராது. ஆகவே தொடக்கத்திலேயே குடத்தோடு ஒரு பிள்ளை வந்து, ‘உதகம் எண்டால் தண்ணி’ என்று இன்னொரு பிள்ளைக்குச் சொல்லவேண்டும். மூன்று நிமிடம் கழித்து ராணி ‘மோதகைர்’ என்று ஒரே மூச்சில் சொல்லட்டும். மோதகம் வந்தபின் ‘மா… உதகை…’ என்று நிறுத்திப் பிரிக்கட்டும். நிறுத்தம் மூன்று வினாடி. ஒலிவாங்கி குடத்துக்குக் கிட்ட இருந்தால் தண்ணீர்ச் சத்தம் சொல்லை விழுங்கிவிடும். ராணியின் பக்கம் வையுங்கள். சிரிப்பு விழவேண்டியது தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டும் அரசன்மேல். அந்தியேட்டி, திவசக் கிரியைகளை மேடைக்கு எடுக்க வேண்டாம். சபையில் அண்மையில் ஆரையேனும் பறிகொடுத்தவர் இருப்பார்.

ஐயரே பிழையாச் சொன்னாத் திருத்தலாமோ? எங்கட பிள்ளை கேட்டை, அவர் ஜேஷ்டா எண்டு வேற நட்சத்திரத்தைச் சொல்லிப்போட்டார்.

அவர் சரியாகத்தான் சொன்னார். கேட்டைக்குச் சமஸ்கிருதப் பெயர் ஜ்யேஷ்டா. திருவாதிரை ஆர்த்ரா, ஆயிலியம் ஆஶ்லேஷா, ஓணம் ஶ்ரவணம், சதயம் ஶதபிஷக், கார்த்திகை க்ருத்திகா.

உண்மையில் பிழை வருவது இரண்டு இடத்தில். ஒன்று, ஆணுக்கு ‘ஜாதஸ்ய’, பெண்ணுக்கு ‘ஜாதாயாஃ’ என்று வரவேண்டும். பெயரை மட்டும் வைத்து ஆணா பெண்ணா என்று அறிய முடியாதபோது மாறிவிடும். மற்றது, சன நெருக்கத்தில் பெயர் சரியாகக் காதில் விழாமல் போவது. ஆகவே பெயரையும் நட்சத்திரத்தையும் துண்டில் பெரிதாக எழுதி, ‘மகள்’ அல்லது ‘மகன்’ என்றும் சேர்த்துக் கொடுங்கள். அப்படியும் மாறினால் தீபாராதனையை இடையில் நிறுத்தாதீர்கள். விபூதி வாங்கும்போது, ‘ஐயா, கேட்டை, மகள்’ என்று மெல்லச் சொன்னால் அவர் அந்த இடத்திலேயே ஒருதரம் திருத்திச் சொல்லிப் பூவைப் போட்டுவிடுவார்.